கட்டைவிரல்களும் அதங்கோட்டாசானும்

"ஐயா, நீங்க சுழியம் போட்டிருக்கீங்க. இது சரின்னுதான் சொல்லுது, பாருங்க" என்று அந்த மாணவி கைபேசியை என் மேசைமேல் வைத்தாள். குரலில் துடுக்கு இல்லை. உண்மையிலேயே அவளுக்குக் குழப்பமாக இருந்தது. இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் ஒருவன் ஒன்றைச் சொல்கிறான். உலகத்துச் செய்திகளையெல்லாம் உட்கொண்டதாகச் சொல்லப்படும் ஓர் இயந்திரம் வேறொன்றைச் சொல்கிறது. பதினெட்டு வயதில் நானாக இருந்தாலும் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பேன் என்று சொல்வதற்கில்லை.

அது இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவர்களுக்கான அகமதிப்பீட்டுத் தேர்வு. கேள்வி எளியது. குறுந்தொகையின் 40ஆம் பாடல் யார் கூற்று, எச்சூழலில் கூறப்பட்டது என்பதுதான். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமையாகக் கொண்ட அந்தப் பாடலைத் தமிழறிந்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாடியவரின் இயற்பெயர் மறைந்து, உவமையே அவருக்குப் பெயராகிச் செம்புலப்பெயனீரார் ஆனார். குறிஞ்சித் திணை. இயற்கைப் புணர்ச்சிக்குப் பின்னர், இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியின் குறிப்பை அறிந்து தலைவன் தேற்றிக் கூறுவது என்று பழைய கூற்றுக்குறிப்பு சொல்கிறது. மாணவியோ, தலைவி தன் தோழியிடம் கூறியது என்று எழுதியிருந்தாள். அவள் மட்டுமல்லள், பதினொரு பேர் அப்படியே எழுதியிருந்தார்கள். சொற்கள்கூட மாறவில்லை. ஒரே கிணற்றில் நீர் இறைத்தவர்கள்!

கைபேசியை வாங்கி நானே அந்த உரையாடும் இயந்திரத்தோடு பேசிப் பார்த்தேன். எந்த நிறுவனத்தினது என்பது இங்கே முக்கியமில்லை. "இது தலைவன் கூற்றல்லவா?" என்று தட்டினேன். உடனே மன்னிப்புக் கேட்டது. நான் சொல்வதே சரி என்றது. நுட்பமாகக் கவனித்ததற்காக என்னைப் பாராட்டவும் செய்தது. மாணவியின் முகம் விழுந்துவிட்டது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஏனோ ஒரு குறும்பு தோன்றியது. "இல்லை, தவறாகச் சொல்லிவிட்டேன். இது செவிலித்தாய் கூற்று" என்று தட்டினேன். மறுபடியும் மன்னிப்பு. மறுபடியும் பாராட்டு. செவிலி ஏன் அப்படிக் கூறினாள் என்பதற்கு மூன்று காரணங்கள் வேறு.

மாணவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு; பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் வகுப்பில் இதையே பாடமாக்கினேன். நாற்பது பேரும் தத்தம் கைபேசியில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பெரும்பாலோருக்குத் தவறான விடையே வந்தது. சிலருக்குச் சரியாக வந்தது. ஒருவனுக்குப் பாடலே பாலைத்திணை ஆகிவிட்டது. விடைக்குக் கீழே கட்டைவிரலை உயர்த்திய குறி ஒன்றும் தாழ்த்திய குறி ஒன்றும் இருக்கின்றன அல்லவா? தவறான விடை பெற்றவர்கள் எல்லோரும் தாழ்த்திய கட்டைவிரலை அழுத்தினார்கள். "திருத்திட்டோம் ஐயா, இனிமே யாருக்கும் தப்பா சொல்லாது" என்றான் கடைசி வரிசையில் ஒருவன். வகுப்பு முழுக்க ஒரு பொதுப்பணி செய்து முடித்த மகிழ்ச்சி. மறுநாள் வேறொருவர் கைபேசியில் கேட்டோம். தலைவி தோழியிடம் கூறியது என்றே வந்தது.

கணினித் துறை நண்பரிடம் முறையிட்டேன். அவர் தேநீர் ஆறும்வரை பொறுமையாக விளக்கினார். இந்த இயந்திரங்கள் நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்போது கற்பதில்லை. அவற்றின் அறிவு என்று நாம் கருதுவது, பயிற்சியின்போது நிலைநிறுத்தப்பட்ட கோடிக்கணக்கான எண்களின் தொகுதி. நம் உரையாடலில் அந்த எண்கள் மாறுவதில்லை. நாம் திருத்தினால் அந்த உரையாடல் முடியும்வரை அதைக் கவனத்தில் வைத்திருக்கும். நம்முடைய கணக்கில் நினைவுக்குறிப்பாகச் சேமித்தாலும் சேமிக்கலாம். ஆனால் அதை இயந்திரம் திருந்தியதாகக் கொள்ள முடியாது. நம்மிடம் மட்டும் பதவிசாக நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். நாம் அழுத்தும் கட்டைவிரல்கள் எங்கோ ஒரு களஞ்சியத்தில் சேர்கின்றன. அவற்றுள் சில வடிகட்டப்பட்டு, அடுத்த பயிற்சியில் பயன்பட்டாலும் படலாம்.

அன்றிலிருந்து இந்தப் பின்னூட்டம் என்னும் பொருளைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். (பின்னூட்டம் நல்ல சொல். ஊட்டம் என்றால் உணவு என்பதையும் அது மறக்கவில்லை.) தமிழ் படித்தவனுக்கு இது வேண்டாத வேலை என்று வீட்டில் சொன்னார்கள். இருக்கலாம்.

படித்ததில் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 2017ஆம் ஆண்டில், மனிதர்களின் விருப்பத்தைக் கேட்டே இயந்திரத்துக்குக் கற்பிக்கலாம் என்று ஓப்பன்ஏஐ, டீப்மைண்ட் ஆய்வாளர்கள் சேர்ந்து சோதித்தார்கள். இரண்டு அசைவுகளைக் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று மனிதரிடம் கேட்பது. அந்தத் தேர்வுகளிலிருந்து மனிதருக்கு எது பிடிக்கும் என்று கணிக்கும் இன்னொரு சிறு இயந்திரத்தை உருவாக்குவது. அந்தச் சிறு இயந்திரத்திடம் நல்ல மதிப்பெண் வாங்கும்படி முதல் இயந்திரத்தைப் பழக்குவது. கணினித் திரையில் ஒரு பொம்மை உருவம் ஏறத்தாழ 900 தேர்வுகளிலேயே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடக் கற்றுக்கொண்டது. இன்னொரு சோதனையில் ஓர் இயந்திரக் கையைப் பந்தைப் பிடிக்கப் பழக்கினார்கள். அது பந்தைப் பிடிக்கவில்லை. கேமராவுக்கும் பந்துக்கும் நடுவே கையைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டது. பார்ப்பவர் கண்ணுக்குப் பிடித்ததுபோலவே தெரிந்தது. மதிப்பெண் வந்தது. அது ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை; நினைக்க அதற்கு மனம் ஏது? பிடிப்பதற்கு மதிப்பெண் இல்லை, பிடித்ததாகத் தோன்றுவதற்கே மதிப்பெண் என்பதை அது கண்டுகொண்டது, அவ்வளவே.

இதே முறைதான் பின்னர் உரையாடும் இயந்திரங்களுக்கும் வந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த ஓப்பன்ஏஐ ஆய்வுக்கட்டுரையில், ஏறத்தாழ 40 பேரைப் பணியமர்த்தி, விடைகளை எழுதவும் தரவரிசைப்படுத்தவும் செய்ததாகச் சொல்கிறார்கள். அப்படிப் பழக்கப்பட்ட சிறிய மாதிரியின் விடைகளை, அதைவிட நூறு மடங்குக்கு மேல் பெரிய பழக்கப்படாத மாதிரியின் விடைகளைவிட மனிதர்கள் அதிகம் விரும்பினார்களாம். 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்த சாட்ஜிபிடி இந்த வழியில் வந்த பிள்ளைதான். அக்கட்டுரையின் இன்னொரு தகவல் தமிழாசிரியன் கண்ணுக்குத் தப்பாது: பயிற்சித் தரவில் 96 விழுக்காட்டுக்கும் மேல் ஆங்கிலம். அந்த நாற்பது பேரில் எவரும் குறுந்தொகையின் கூற்றுக்குறிப்பைத் திறந்து பார்த்திருக்க நியாயமில்லை. அதற்காக அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் மாணாக்கரைத் தரம் பிரிப்பது நினைவுக்கு வருகிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததை அசைபோடும் பசுவும் முதல் மாணாக்கர். உழைப்புக்கு ஏற்ப விளையும் மண்ணும், சொன்னதைச் சொல்லும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடை. 2021இல் சில மொழியியலாளர்களும் கணினி அறிஞர்களும் இந்த மொழி இயந்திரங்களைக் கிளி என்று பெயரிட்டு எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பவணந்தியாரைக் கேட்டிருந்தால், கிளி அப்படியொன்றும் மோசமில்லை, நடுவில்தான் இருக்கிறது என்றிருப்பார். எனக்கு அச்சமூட்டுவது நெய்யரி. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி. 2016 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டே என்ற பெயரில் ஓர் உரையாடும் நிரலை ட்விட்டரில் விட்டது. பேசுபவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளும் என்றார்கள். கற்றது. சிலர் திட்டமிட்டு வசையும் இனவெறியும் ஊட்ட, ஒரு நாள் முடிவதற்குள் அதையே திருப்பிப் பேசத் தொடங்கியது. இழுத்து மூடி, நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. கடைசி வரிசை மாணவன் விரும்பியதுபோல, சொன்னவுடன் திருந்தும் இயந்திரத்தின் கதி அது. இன்றைய இயந்திரங்கள் உடனே கற்காமலிருப்பதில் ஒரு காப்பும் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் செவிலித்தாயைக் கொண்டுவந்தபோது ஏன் ஆமாம் போட்டது என்ற கேள்விக்கு விடை 2025 ஏப்ரலில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது. அம்மாதம் 25ஆம் தேதி ஓப்பன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரியைப் புதுப்பித்தது. இரண்டொரு நாளில் உலகமெங்கும் முணுமுணுப்பு. எதைச் சொன்னாலும் ஆகா என்கிறது. பித்துக்குளித்தனமான வணிக யோசனையைச் சொன்னாலும் மேதைமை என்கிறது. சினத்தோடு வந்தால் சினத்தையும் ஐயத்தோடு வந்தால் ஐயத்தையும் தூண்டிவிடுகிறது என்று. வாரத்துக்கு 50 கோடிப் பேர் பயன்படுத்துவதாக அந்நிறுவனமே அப்போது சொன்ன ஒரு பொருள் இச்சகம் பேசத் தொடங்கினால் என்னவாகும்! 28ஆம் தேதியிலிருந்து அந்தப் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றார்கள். பின்னர் வெளியிட்ட விளக்கத்தில் இரண்டு செய்திகள் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று, பயனர்கள் அழுத்தும் கட்டைவிரல் குறிகளை அந்த முறை பயிற்சியில் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். அது, முகத்துதியைக் கட்டுக்குள் வைத்திருந்த மற்ற அளவுகோலைத் தளர்த்திவிட்டதாகக் கருதினார்கள். இன்னொன்று, வெளியிடுவதற்கு முன் சோதித்த வல்லுநர்கள் சிலர், இதன் போக்கு ஏதோ சரியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எண்கள் நன்றாக இருந்தன, சிறு தொகைப் பயனர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களுக்குப் பிடித்திருந்தது, ஆகவே வெளியிட்டார்கள். அது தவறான முடிவு என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரத்தில் பனம்பாரனார் ஓர் அரங்கேற்றக் காட்சியைத் தருகிறார். நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவை. நூலைக் கேட்டுத் தெளிபவர் அதங்கோட்டாசான். அவையில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். பாயிரம் பெயர் சொல்வது அவர் ஒருவரைத்தான். அதங்கோட்டாசான் முகம் சுளித்திருக்க, அவையோர் கைதட்டினார்கள் என்பதற்காக நூலை ஏற்றுக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும்? 2025 ஏப்ரலில் நடந்தது ஏறக்குறைய அதுதான். இவ்விடத்தில் வள்ளுவரைத் துணைக்கழைக்கும் தமிழாசிரியச் சபலம் எழுகிறது. அடக்கிக்கொள்கிறேன்.

*

எனக்குச் சிரிப்பு வராததன் காரணத்தை இப்போது சொல்லியாக வேண்டும்.

எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு பருவ முடிவிலும் மாணவர்கள் ஆசிரியரை மதிப்பிடுவார்கள். பாடம் புரிந்ததா, ஆர்வமூட்டினாரா, ஐயம் தீர்த்தாரா என்று கேள்விகள். ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கு அந்தத் தாள்கள் தேவை. ஆறாண்டுகளுக்கு முன் எனக்கு 3.1 வந்தது. துறையிலேயே அதுதான் குறைவு. முதல்வர் அழைத்து மிக மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதைதான் உறுத்தியது. அந்த ஆண்டு முதுகலை வகுப்புக்குத் தொல்காப்பியச் செய்யுளியலைப் பேராசிரியர் உரையோடு வரிவரியாக நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் தலைகள் கவிழ்வது தெரிந்துதான் இருந்தது.

அடுத்த பருவத்தில் செய்யுளியலைச் சுருக்கினேன். முதலில் உரையை விட்டேன். பிறகு கடினமான நூற்பாக்களை விட்டேன். அதற்கடுத்த ஆண்டு, "தேர்வுக்கு இவ்வளவு போதும்" என்று நான்கு பக்கக் குறிப்பாகக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் கவிஞர்களைப் பற்றிய கதைகள் சொன்னேன். கதை சொல்வது எனக்கு நன்றாக வரும். தவறாக விடை சொல்லும் மாணவனிடம், "நல்ல முயற்சி, அப்படியும் பார்க்கலாம்" என்று சொல்லப் பழகினேன். மதிப்பெண் 4.6க்கு ஏறியது. முதல்வர் மறுபடி அழைத்தார். இம்முறை தேநீர் வரவழைத்தார். பொய் சொல்லவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. நான் நல்லாசிரியனாகிவிட்டேன் என்றே நம்பினேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் பழைய மாணவன் ஒருவன் துறைக்கு வந்தான். கதை சொன்ன காலத்து மாணவன். பட்டதாரி ஆசிரியர் பணித்தேர்வு எழுதித் தவறியிருந்தான். ஒரு மதிப்பெண்ணிலோ இரண்டு மதிப்பெண்ணிலோ. உடைந்து பேசவில்லை. பைக்குள்ளிருந்து வினாத்தாளை எடுத்து நான்கைந்து கேள்விகளைக் காட்டினான். எல்லாம் செய்யுளியல். "ஐயா, இதை நீங்க நடத்தவேயில்லையே" என்றான். குற்றஞ்சாட்டும் தொனியே இல்லை. ஏதாவது குறிப்பு இருந்தால் வாங்கிப் போகலாம் என்றுதான் வந்திருந்தான். அவன் வகுப்பு எனக்குக் கொடுத்த மதிப்பெண் 4.6. அவனும் ஐந்தே போட்டிருப்பான்.

அந்த இயந்திரக் கையின் கதையைப் படித்தபோது பந்துக்கு முன்னால் நின்ற கை யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாணவர் மதிப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. 3.1 போட்டவர்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது. நான் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் உரையாசிரியரோடு பேசிக்கொண்டிருந்தேன். கோளாறு எங்கே என்றால், பிடிக்கவில்லை என்பதும் தவறு என்பதும் அந்தத் தாளில் ஒரே எண்ணாகிவிடுகின்றன. கட்டைவிரல் குறியும் அப்படித்தான். தலைவன் கூற்றைத் தலைவி கூற்று என்றதற்காக ஒருவர் தாழ்த்துகிறார். தன் கவிதையில் சந்தம் இடறுகிறது என்று உண்மை சொன்னதற்காக இன்னொருவர் தாழ்த்துகிறார். போய்ச் சேரும் களஞ்சியத்தில் இரண்டும் ஒன்றே. கேட்பவருக்கு ஏற்ப நெகிழ வேண்டும், பொருளில் நெகிழக் கூடாது என்பதை ஒரு கட்டைவிரலால் எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு, பணித்தேர்வு வினாத்தாளோடு மூன்றாண்டு கழித்து வரும் பின்னூட்டத்துக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கும் முயற்சியில் உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டை அவருடைய தன்வரலாற்றில் படித்திருப்பீர்கள். நச்சினார்க்கினியர் உரையைக் கையில் வைத்துக்கொண்டும் சமணக் கொள்கை சார்ந்த இடங்கள் அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்தில் அந்நூலை மரபாகப் படித்துவந்த சமணர்களின் வீடுகளைத் தேடிப்போய்க் கேட்டார். 1887இல் நூல் வெளிவந்தது. அவர் ஊரைக் கூட்டி எந்தப் பாடம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று கை தூக்கச் சொல்லவில்லை. தெரிந்தவர் யார் என்று தேடினார். அவர்கள் சொன்னதையும் ஏட்டோடு ஒத்துப்பார்த்தார். பாடவேறுபாடுகளைக் குறித்து வைத்தார். இந்த உழைப்புக்கு இணையான ஒன்று தமிழைப் பொறுத்தவரை இந்த இயந்திரங்களுக்குள் எந்த அளவுக்கு நடக்கிறது என்று வெளியிலிருக்கும் நம்மால் பார்க்க முடிவதில்லை. என் மனக்குறை அதுதான்.

நாங்கள் செய்யக்கூடியதைச் செய்கிறோம். இப்போது மாணவர்கள் வெறும் கட்டைவிரலோடு நிறுத்துவதில்லை. தாழ்த்திய குறியை அழுத்தினால் காரணம் எழுத ஒரு சிறு பெட்டி திறக்கிறது. அதில் பாடல் எண், சரியான கூற்று, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று எழுதுகிறார்கள். அதை யாராவது படிக்கிறார்களா என்று ஒருத்தி கேட்டாள். ஒருவேளை வடிகட்டியில் போய்விடலாம் என்றேன். "அப்ப எதுக்கு ஐயா?" என்றாள். பெட்டியில் எழுதுவதற்காகவாவது நூலைத் திறக்கிறீர்களே என்று சொல்ல நினைத்து, அது மழுப்பல் என்று தோன்றவே, தெரியவில்லை என்றேன்.

சுழியம் வாங்கிய அந்த மாணவி ஒரு படி மேலே போனாள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மேலே 'பிழைதிருத்தம்' என்று எழுதி, இயந்திரம் சொன்னதை ஒரு பக்கமும் நூல் சொல்வதை எதிர்ப்பக்கமும் வரிசை எண்ணிட்டு எழுதிவருகிறாள். பழைய அச்சுநூல்களின் கடைசியில் ஒட்டியிருக்குமே, அந்தத் தாளை அவள் பார்த்திருக்கிறாளா என்று தெரியாது. முதுகலைக்கு இந்தப் பருவம் செய்யுளியலைப் பேராசிரியர் உரையோடு மீண்டும் எடுத்திருக்கிறேன். தலைகள் கவிழ்கின்றன. நடுநடுவே நிறுத்தி முகங்களைப் பார்க்கிறேன். படிவம் அடுத்த மாதம் வரும்.

சென்ற வாரம் அந்த நோட்டைத் திருத்தித் தரச்சொல்லி என்னிடம் கொடுத்தாள். புரட்டிக்கொண்டே வந்தேன். பதினேழாம் எண்ணுக்கு இடப்பக்கத்தில் இயந்திரத்தின் பெயர் இல்லை. 'ஐயா வகுப்பில் கூறியது: உ.வே.சா. குறுந்தொகைப் பதிப்பு 1934' என்றிருந்தது. எதிர்ப்பக்கத்தில், 'முகப்புப் பக்கம்: 1937'.

நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். 1937தான்.